அணைத்த பிறகும் மினுங்கிய பல்பு: டிம்மரும் எல்.இ.டியும்

இன்னைக்கு எபிசோட் கோடிங் பத்தியும் இல்ல, ஸ்டார்ட்அப் பத்தியும் இல்ல. ஒரு பல்பைப் பத்தி. சாதாரண 9 வாட் எல்.இ.டி பல்பு. அதை மாட்டினது நான். கழட்டக் கையை நீட்டினதும் நான். நடுவுல எங்க அப்பா ஒரு சத்தம் போட்டார். அந்தச் சத்தம் அரை செகண்ட் லேட்டா வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்பவும் யோசிச்சுப் பார்க்கிறேன்.

கதை நடந்தது நெய்வேலியில், எங்க குவார்ட்டர்ஸில். தெரியாதவங்களுக்காகச் சொல்றேன்: கடலூர் மாவட்டத்தில் இருக்கும் பழுப்பு நிலக்கரி ஊர். 1956-ல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன்னு ஆரம்பிச்ச நிறுவனம், 2016-ல் இருந்து என்.எல்.சி இந்தியா. டவுன்ஷிப்பில் யாரிடமாவது வீடு எங்கேன்னு கேட்டால் முதலில் வாயில் வருவது பிளாக் நம்பர்தான். பண்ருட்டிக்குப் பலாப்பழம் எப்படியோ, எங்க ஊருக்குக் கரண்ட் அப்படி. பக்கத்திலேயே தோண்டி, பக்கத்திலேயே எரிச்சு, பக்கத்திலேயே கரண்டாக்கி வெளியே அனுப்பும் ஊர். அப்பா அங்கே இரண்டாம் அனல் மின் நிலையத்தில், டர்பைன் பக்கம் வேலை. அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட்.

நான் இ.சி.இ படிச்சவன். பவர் எலக்ட்ரானிக்ஸ் பேப்பரில் ட்ரையாக் பத்திப் பக்கம் பக்கமாக எழுதி, படம் எல்லாம் போட்டுப் பாஸ் பண்ணவன். அதுக்கப்புறம் ஐ.டி வேலைக்குப் போய், ட்ரையாக்கைக் கண்ணாலேயே பார்க்கவில்லை. அது எங்க வீட்டுப் படுக்கையறைச் சுவரிலேயே இருபது வருஷமாக உட்கார்ந்திருந்தது என்பதும் எனக்குத் தெரியாது.

சரி, கதை. பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு அப்போதான் கண்புரை ஆபரேஷன் முடிஞ்சிருந்தது. வெளிச்சம் பட்டாலே கூசுது என்றாங்க. ஆனால் ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால் முழு இருட்டும் ஆகாது. மங்கலாக ஒரு வெளிச்சம் வேணும். படுக்கையறையில் ஒரு பழைய டிம்மர் இருந்தது. நான் ஸ்கூல் படிக்கும்போது அப்பா தானே வாங்கி, தானே மாட்டியது. திருகினால் குண்டு பல்பு மெல்ல மெல்ல ஏறும், இறங்கும். எனக்கும் தங்கச்சிக்கும் அது விளையாட்டுப் பொருள். குண்டு பல்பு பியூஸ் போனதும் டிம்மரை எல்லாரும் மறந்துட்டோம்.

அந்த ஹோல்டரில் நான் ஒரு எல்.இ.டி பல்பை மாட்டினேன். பெட்டியைப் படிக்கவில்லை. பல்புப் பெட்டியை யாராவது படிப்பாங்களா?

பாதி வரைக்கும் திருகினேன். மங்கினது, சரி. ஆனால் "ஙொய்ங்"னு ஒரு ரீங்காரம். இன்னும் குறைச்சேன். வெளிச்சம் நடுங்க ஆரம்பிச்சது. இன்னும் குறைச்சால் பொட்டுன்னு அணைஞ்சு, திரும்பப் பளிச்சுன்னு எரிஞ்சு, திரும்ப அணைஞ்சது. பாதியிலேயே விட்டுட்டேன். "போதும்டா, கண்ணுக்கு இதமா இருக்கு"ன்னு அம்மாவும் சொன்னாங்க. கடைசியாக ஒரு விஷயம் கவனிச்சேன். திருகியை முழுசாக இறக்கி "டிக்"னு ஆஃப் ஆன பிறகும், இருட்டில் பார்த்தால் பல்புக்குள் மின்மினிப் பூச்சி அளவுக்கு ஒரு மினுக்கம். சூடு ஆறும்போது அப்படித்தான் இருக்கும்னு நானே ஒரு காரணம் சொல்லிக்கிட்டேன். தப்பு. அந்த மினுக்கத்துக்குத் திரும்ப வருவேன்.

மூணாவது நாள் ராத்திரி பதினொரு மணி. அம்மா கூப்பிட்டாங்க. அறையில் மீன் கருகின மாதிரி ஒரு நாத்தம். பல்பு அணைஞ்சிருந்தது, அதோட பிளாஸ்டிக் கழுத்துப் பகுதி பழுப்பாகியிருந்தது. நான் டிம்மரை "டிக்"னு அணைச்சுட்டு, ஸ்டூல் போட்டு ஏறிக் கையை நீட்டினேன். வெறுங்காலு. கை ஹோல்டருக்கு ஒரு சாண் தூரத்தில்.

"டேய், கை வைக்காத! மெயினை ஆஃப் பண்ணு!"

அப்பா வாசலில் நிக்கிறார். வேலையிடப் பழக்கம் அவருக்கு. "ஆஃப் பண்ணிட்டேன்ப்பா"ன்னு சொன்னேன். "சுவிட்ச் ஆஃப்னா ஆஃப்னு உனக்கு யார் சொன்னது?" என்றார். மெயினை இறக்கினோம். பல்பைக் கழட்டினோம். அப்புறம் அப்பா மெயினை ஏத்திட்டு, டிம்மர் ஆஃபில் இருக்கும்போதே, செருப்புப் போட்டுக்கிட்டு டெஸ்டரை ஹோல்டரின் ஒரு பின்னில் வைத்தார்.

டெஸ்டர் எரிஞ்சது.

ஏன் எரிஞ்சதுன்னு சொல்வதற்கு முன்னாடி, அந்தப் பல்பு ஏன் செத்ததுன்னு பார்த்துடலாம். இரண்டும் வேற வேற கதை. இரண்டும் ஒரே சுவரில் இருந்தது என் அதிர்ஷ்டம்.

டிம்மர் என்ன பண்ணுது? நம்மில் பல பேர் நினைப்பது, குழாயைத் திருகினால் தண்ணி குறைவது மாதிரி வோல்டேஜைக் குறைக்குதுன்னு. இல்ல. அது கத்தரிக்குது.

எங்க ஊரில் இருந்தே ஆரம்பிக்கலாம். அப்பாவோட பிளான்ட்டில் 210 மெகாவாட் யூனிட் ஏழு. ஒவ்வொண்ணிலும் டர்பைன் நிமிஷத்துக்கு 3000 சுத்து சுத்துது. அப்போ செகண்டுக்கு 50 சுத்து. நம்ம வீட்டு கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதன் அர்த்தமே இதுதான். சுத்தும் ரோட்டாரோட ஒவ்வொரு சுத்தும் ஒரு அலையாகக் கம்பி வழியே வருது. மேலே ஒரு மேடு, கீழே ஒரு பள்ளம். இரண்டையும் தனித்தனியாக எண்ணினால் செகண்டுக்கு 100 அரை அலை, ஒவ்வொண்ணும் 10 மில்லிசெகண்ட். 230 வோல்ட்னு நாம் சொல்வது ஒருவகைச் சராசரி. மேட்டு உச்சியில் அது 325 வோல்ட் வரைக்கும் போகும். இந்த 325 ஞாபகம் இருக்கட்டும்.

டிம்மருக்குள் இருக்கும் ட்ரையாக் ஒரு வாசல் கதவு. ஒவ்வொரு அரை அலையும் பூஜ்யத்தில் ஆரம்பிக்கும்போது கதவு மூடியிருக்கும். நீங்க திருகியை எந்த அளவுக்கு வச்சிருக்கீங்களோ, அவ்வளவு மில்லிசெகண்ட் காத்திருந்து படாருன்னு திறக்கும். அரை அலை முடிஞ்சு கரண்ட் பூஜ்யத்துக்கு வந்ததும் தானாக மூடிக்கும். அதாவது அலையோட முன்பக்கத்தை வெட்டி எறிஞ்சுட்டு மிச்சத்தை மட்டும் பல்புக்குக் கொடுக்குது. செகண்டுக்கு நூறு தடவை. இந்த செமிகண்டக்டர் டிம்மரை 1959-ல் கண்டுபிடிச்சவர் ஜோயல் ஸ்பைரா என்ற அமெரிக்கர். 1961-ல் லூட்ரான் என்ற கம்பெனியை ஆரம்பிச்சார். அடுத்த வருஷம், 1962-ல், நெய்வேலியில் முதல் அனல் மின் யூனிட் ஓட ஆரம்பிச்சது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்ல, எனக்குப் பிடிச்சதால் சொன்னேன். அலையை உண்டாக்கும் மெஷினும் அலையை வெட்டும் கதவும் கிட்டத்தட்ட ஒரே வயசு. அந்த முதல் நிலையம் 2020-ல் ஓய்வு பெற்றது. டிம்மர் இன்னும் ஓடுது.

குண்டு பல்பு இந்த வெட்டைப் பத்திக் கவலைப்படவே இல்ல. அது ஒரு சூடான கம்பி. இழை கிட்டத்தட்ட 2400 டிகிரி செல்சியஸில் இருக்கு. பத்து மில்லிசெகண்டில் பாதி நேரம் கரண்ட் வரலைன்னாலும், அதுக்குள் ஆறிடாது. தோசைக்கல் மாதிரி. அடுப்பை அணைச்சு அணைச்சு ஏத்தினாலும் கல்லின் சூடு சராசரியாக ஒரு அளவில் நிக்கும். அதனால் வெளிச்சம் அழகாக, சத்தமில்லாமல் குறையும். டிம்மரை வடிவமைச்சவங்க மனசில் இருந்தது இந்தக் கம்பிதான்.

இப்போ அதே ஹோல்டரில் எல்.இ.டி பல்பு. பெயர்தான் பல்பு. உள்ளே இருப்பது ஒரு பவர் சப்ளை, உங்க லேப்டாப் சார்ஜரோட ஏழைத் தம்பி. நாலு டையோடு சேர்ந்து ஏ.சியை டி.சியாக்கும். பெரும்பாலான பல்புகளில் ஒரு எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் அதைச் சேர்த்து வச்சுக்கும். அப்புறம் ஒரு டிரைவர் ஐ.சி, எல்.இ.டி சிப்புகளுக்கு ஒரே அளவு கரண்ட் கொடுக்கும். அந்த ஐ.சியோட வேலையே, உள்ளே வரும் வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் வெளிச்சம் மாறாமல் பார்த்துக்கிறது. நம்ம ஊர் வோல்டேஜுக்கு அது நல்ல குணம். ஆனால் டிம்மர் பண்ணும் வேலைக்கு அது நேர் எதிரி. ஒருத்தன் குறைக்கணும்னு வெட்டுறான், இன்னொருத்தன் குறையக் கூடாதுன்னு இழுக்கிறான். சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது புரியும்: இரண்டு சர்வீஸ், நடுவில் எந்த ஒப்பந்தமும் இல்ல, ஒண்ணு ட்ராப் பண்ணப் பண்ண இன்னொண்ணு ரீட்ரை அடிச்சுக்கிட்டே இருக்கு.

இதில் அடி வாங்குவது கெப்பாசிட்டர். ஷிப்ட் மாறும் நேரத்தில் பிளான்ட் கேட்டை யோசிச்சுப் பாருங்க. கேட் முன்கூட்டியே திறந்திருந்தால் ஆட்கள் ஒவ்வொருத்தராக உள்ளே போவாங்க, பிரச்சினை இல்ல. கடைசி நிமிஷம் வரை மூடி வச்சு, கூட்டம் சேர்ந்த பிறகு ஒரேயடியாகத் திறந்தால்? திருகி பாதியில் இருக்கும்போது ட்ரையாக் திறப்பது சரியாக அலை உச்சியில். ஒரு கணம் முன்னாடி வரை ஒண்ணுமில்ல. திடீர்னு 325 வோல்ட். கெப்பாசிட்டருக்குள் கரண்ட் ஊசி மாதிரிப் பாயும். செகண்டுக்கு நூறு ஊசி. ஒரு ராத்திரி எட்டு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 29 லட்சம். அந்த ஒவ்வொரு ஊசியும் கெப்பாசிட்டருக்குள் கொஞ்சம் சூடு. பல்பின் கழுத்தில் காற்றோட்டம் கிடையாது. உள்ளே இருக்கும் திரவம் கொதிச்சு, வெடிச்சு, நாறும். அம்மா மோந்த மீன் நாத்தம் அதுதான். நான் கேட்ட "ஙொய்ங்" சத்தம், அந்த ஊசிக் கரண்ட் காயிலையும் கெப்பாசிட்டரையும் அதிர வைக்கும் சத்தம். ஓரமாக உட்கார்ந்து மூணு நாளாக அது புகார் சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. நான்தான் கேட்கல.

நடுங்கினதுக்குக் காரணம் வேற. ட்ரையாக் என்ற கதவு திறந்தே இருக்கணும்னா, அது வழியாக ஒரு குறைந்தபட்ச கரண்ட் ஓடிக்கிட்டே இருக்கணும். டேட்டாஷீட்டில் பார்த்தால் பத்திலிருந்து ஐம்பது மில்லியாம்ப் வரை, மாடலைப் பொறுத்து. அந்தக் கால 60 வாட் குண்டு பல்பு 260 மில்லியாம்ப் இழுக்கும். கதவு ஜம்முன்னு நிக்கும். 9 வாட் எல்.இ.டி ஏறத்தாழ 40 மில்லியாம்ப்தான், அதுவும் விட்டு விட்டு இழுக்கும். கதவு திறந்ததும் மூடிக்கும், திரும்பத் திறக்கும். அதான் நடுக்கம். பழைய டிம்மர்களில் குறைந்தபட்சம் இத்தனை வாட் லோடு வேணும்னு எழுதியிருப்பது இதுக்காகத்தான். 60 வாட் கேட்கும் டிம்மரில் 9 வாட் மாட்டினது, லாரி எடைமேடையில் கத்தரிக்காய் வச்ச மாதிரி.

ஒரு சின்ன டெஸ்ட். கண்ணுக்கு நடுக்கம் தெரியலைன்னாலும், போன் கேமராவைத் திறந்து பல்புக்கு நேரே பிடிங்க. திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் வெளிச்சம் வேகமாகத் துடிக்குதுன்னு அர்த்தம். எல்லாத் துடிப்பும் ஆபத்து இல்ல. ஆனால் ஒற்றைத் தலைவலி இருக்கிறவங்களை இது படுத்தும். எல்.இ.டி துடிப்பு எவ்வளவு இருக்கலாம்னு ஐ.இ.இ.இ 1789 என்றே 2015-ல் ஒரு வழிகாட்டு ஆவணம் இருக்கு. டிம்மரைக் கீழே இறக்க இறக்கத் துடிப்பு அதிகமாகும் பல்புதான் மோசமான ஜோடி.

"எங்க வீட்டில் டிம்மரே இல்லையே"ன்னு நீங்க நினைக்கலாம். வாடகை பிளாட்டில் சுவிட்ச் போர்டைப் பாருங்க. ஃபேன் ரெகுலேட்டர் இருக்குமே. பழைய வீடுகளில் டப்பா மாதிரி பெரிய ரெகுலேட்டர், உள்ளே ரெசிஸ்டன்ஸ் காயில். அதுக்கப்புறம் வந்த வழுக்கித் திருகும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் பெரும்பாலும் டிம்மரோட அண்ணன், அதே ட்ரையாக். இப்போ ஒண்ணு, இரண்டு, மூணுன்னு படிப்படியாகத் திரும்புவது கெப்பாசிட்டர் வகை. ஃபேன் பாயின்ட்டில் ஃபேனுக்குப் பதிலாகத் தொங்கும் விளக்கு மாட்டுறது இப்போ ஃபேஷன். கெப்பாசிட்டர் ரெகுலேட்டரில் 9 வாட் எல்.இ.டி மாட்டினால் பெரும்பாலும் மங்கவே மங்காது, டிரைவர் ஐ.சி ஈடு கட்டிடும். அதையும் செய்யாதீங்க. அது மோட்டாருக்குன்னு செஞ்சது.

ஸ்மார்ட் பல்பு வச்சிருக்கிறவங்க இன்னும் கவனம். ஆப்பில் வெளிச்சத்தைக் குறைக்கிறீங்களே, அந்த வேலையைப் பல்பு உள்ளேயே பண்ணிக்குது. அதுக்கு முழு அலை வேணும். டிம்மர் பாயின்ட்டில் மாட்டினால் வைஃபை துண்டிக்கும், ரீசெட் ஆகும், சீக்கிரம் போகும். இன்வெர்ட்டர் பல்புன்னு விக்கிறாங்களே, உள்ளே பேட்டரி வச்சது, அதையும் டிம்மரில் போடக் கூடாது. எங்க பக்கம் அது இல்லாத வீடே கிடையாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் கரையைக் கடந்தது. கரண்ட் விளையற ஊரைச் சுத்தியே எத்தனை கிராமம் எத்தனை நாள் இருட்டில் கிடந்ததுன்னு பார்த்தவங்க நாங்க. பேட்டரி பல்பு மேல எங்களுக்கு இருக்கும் பாசம் தனி. ஆனால் லித்தியம் பேட்டரியை வெட்டுப்பட்ட அலையில் சார்ஜ் ஏத்தாதீங்க.

இப்போ பெட்டிக்கு வருவோம். குப்பைத் தொட்டியில் இருந்து அந்தப் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். பின்பக்கம், பொடி எழுத்தில், "டிம்மருடன் பயன்படுத்த ஏற்றதல்ல"ன்னு ஆங்கிலத்தில் இருந்தது. பக்கத்தில் டிம்மர் படத்துக்குக் குறுக்கே ஒரு கோடு. பல்பு கம்பெனி மேல எனக்குக் கோபமே இல்ல. எழுதி வச்சிருக்காங்க. 2015 ஜனவரியில் உஜாலா திட்டம் வந்த பிறகு நாடு முழுக்க 36 கோடிக்கும் மேல எல்.இ.டி பல்பு கொடுத்திருக்காங்க. கரண்ட் பில் குறைஞ்சது, நல்ல விஷயம். ஆனால் சுவரில் இருக்கும் பழைய திருகியை யாரும் மாத்தச் சொல்லல. பல்பு மாறிடுச்சு, சுவர் மாறல.

டிம்மர் வேணும்னே வேணும் என்றால் என்ன பண்ணலாம்? "டிம்மபிள்"னு பெட்டியில் போட்ட எல்.இ.டி பல்பு இருக்கு. அதோட டிரைவர், வெட்டுப்பட்ட அலையைப் படிச்சு "ஓ, வெளிச்சம் குறைக்கச் சொல்றாங்க"ன்னு புரிஞ்சுக்கும்படி செஞ்சது. விலை கூட. சின்ன ஊர் கடைகளில் கேட்டால் பெரும்பாலும் முழிப்பாங்க. மந்தாரக்குப்பத்தில் நான் கேட்டதுக்கு ஒருத்தர் "எல்லாமே மங்கும் தம்பி, வோல்ட் குறைஞ்சா"ன்னார். டிம்மரையும் மாத்தணும். எல்.இ.டிக்குன்னு வரும் டிம்மர்களில் அலையோட முன்பக்கத்தை விட்டுட்டுப் பின்பக்கத்தை வெட்டும் வகை இருக்கு, ட்ரெய்லிங் எட்ஜ்னு பேர். அதில் ஒவ்வொரு அரை அலையும் பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏறும், முடிவில்தான் வெட்டு. கேட் முன்கூட்டியே திறந்த கதை. ஊசி கிடையாது, ரீங்காரம் ரொம்பக் குறைவு. டிம்மரில் 400 வாட்னு போட்டிருந்தால் அது குண்டு பல்புக் கணக்கு. எல்.இ.டிக்கு எவ்வளவுன்னு தனியாகப் போட்டிருக்கும். போடலைன்னா பத்தில் ஒரு பங்குன்னு வச்சுக்கிறது பாதுகாப்பு. ஒரே டிம்மரில் நாலு பல்பு இருந்தால் நாலும் ஒரே மாடலாக இருக்கட்டும். ஒண்ணு டிம்மபிள், மூணு சாதாரணம்னு கலக்காதீங்க.

ரீங்காரம், நடுக்கம், நாத்தம், கழுத்துப் பகுதி நிறம் மாறுறது, இந்த நாலில் எது வந்தாலும் அன்னைக்கே நிறுத்துங்க. மூணு நாள் பார்க்காதீங்க. நான் பார்த்தேன்.

சரி, டெஸ்டர் எரிஞ்ச கதை.

அந்த மினுக்கம் ஞாபகம் இருக்கா? அணைச்ச பிறகும் எல்.இ.டி மினுங்கினால் சந்தேகப்பட மூணு இடம் இருக்கு. ஒண்ணு, சுவிட்சில் சின்ன சிவப்பு இண்டிகேட்டர் லைட் இருந்தால் அது வழியாகக் கசியும் துளிக் கரண்ட். இரண்டு, சுவருக்குள் குழாயில் ஃபேஸ் வயரும் பல்பு வயரும் ரொம்ப தூரம் ஒட்டியே போனால் தூண்டலில் வரும் கரண்ட். சில டிம்மர்களில் உள்ளே இருக்கும் சின்னக் கெப்பாசிட்டரும் கசிய விடும். இந்த இரண்டும் பெரும்பாலும் தொல்லைதான், உயிர் ஆபத்து இல்ல. மூணாவதுதான் எங்க வீட்டில் இருந்தது: சுவிட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் போட்டிருக்கு.

பல்புக்கு இரண்டு வயர். ஃபேஸில் கரண்ட் வரும், நியூட்ரலில் திரும்பிப் போகும். சுவிட்சோ டிம்மரோ ஃபேஸ் வயரை வெட்டணும். அப்போதான் ஆஃப் பண்ணினால் ஹோல்டருக்குக் கரண்ட் வராது. தவறிப் போய் நியூட்ரலை வெட்டும்படி போட்டுட்டாலும் பல்பு எரியும், அணையும், மங்கும். எல்லாம் சரியாக வேலை செய்யுற மாதிரியே இருக்கும். ஆனால் ஆஃபில் இருக்கும்போதும் ஹோல்டரில் 230 வோல்ட் உட்கார்ந்தே இருக்கும், வெளியே போக வழி தேடிக்கிட்டு. ஸ்டூலில் வெறுங்காலோட நின்னு, ஹோல்டரைத் தொட்டு, இன்னொரு கையால் ஈரச் சுவரைப் பிடிச்சிருந்தால் அந்த வழி நான்தான்.

குண்டு பல்பு இருபது வருஷமாக இதைக் காட்டிக் கொடுக்கல. அது மினுங்கணும்னா நிறைய கரண்ட் வேணும். எல்.இ.டிக்கு மில்லியாம்பில் ஒரு துளி போதும். சுவரின் ஈரத்துக்கும் எர்த்துக்கும் கசிஞ்ச அந்தத் துளி, மின்மினியாகத் தெரிஞ்சது. நான் அதை "சூடு ஆறுது"ன்னு சொல்லி மூடினேன்.

அப்பா டெஸ்டரைப் பாக்கெட்டில் வச்சுட்டு, கொஞ்ச நேரம் அந்த டிம்மரையே பார்த்துக்கிட்டு இருந்தார். "இதை நான்தான் போட்டேன்"ன்னார். அவ்வளவுதான் பேசினார். பிளான்ட்டில் ஒரு வால்வைத் தொடணும்னாகூடப் பெர்மிட் எழுதி, பூட்டுப் போட்டு, டேக் தொங்க விட்ட பிறகுதான் தொடுற மனுஷன். வீட்டில் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், வயர் கலரைப் பார்க்காமல் முறுக்கிட்டார். அந்த ஹோல்டரில் எத்தனை பல்பை அம்மா மாத்தியிருப்பாங்க, தங்கச்சி எத்தனை தடவை ஒட்டடை அடிச்சிருப்பா. நான் எதுவும் சொல்லல. சொல்ல என்ன இருக்கு?

இங்க ஒரு விஷயம் அழுத்திச் சொல்லணும். அப்பா பண்ணின டெஸ்டர் வேலையை நீங்க பண்ணாதீங்க. நியான் டெஸ்டர் தூண்டலில் வரும் வோல்டேஜுக்கும் எரியும், சில நேரம் எரிய வேண்டிய இடத்தில் எரியாமலும் போகும். டெஸ்டர் எரியலைன்னா பாதுகாப்புன்னு அர்த்தமே இல்ல. அணைச்ச பல்பு மினுங்கினால் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, "சுவிட்ச் ஃபேஸில் இருக்கா, நியூட்ரலில் இருக்கா"ன்னு இதே வார்த்தையில் கேளுங்க. ஐந்து நிமிஷ வேலை. வாடகை வீடு, குவார்ட்டர்ஸ் எதுவானாலும் நீங்களே போர்டைப் பிரிக்காதீங்க, வீட்டுக்காரர்கிட்டயோ பராமரிப்பு ஆபீஸிலோ புகார் எழுதுங்க. பல்பு மாத்தும்போது சுவிட்சை நம்பாதீங்க. அந்த சர்க்யூட்டின் எம்.சி.பியை இறக்குங்க. எதுன்னு தெரியலைன்னா மெயினையே இறக்குங்க. ஃபிரிட்ஜ் ஐந்து நிமிஷம் காத்திருக்கும். புது வீடு பார்க்கும்போது, 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி போர்டில் இருக்கான்னும் பாருங்க. கரண்ட் உங்க வழியாக எர்த்துக்குப் போனால் கண் இமைக்கும் நேரத்தில் வெட்டுவது அதுதான். சாதாரண எம்.சி.பி அதைச் செய்யாது. அது வயரைக் காப்பாத்தும், உங்களை இல்ல.

கடைசியில் எங்க வீட்டில் என்ன ஆச்சு? எலக்ட்ரீஷியன் ஒருத்தர் வந்து டிம்மரைக் கழட்டிட்டு, ஃபேஸில் சாதாரண சுவிட்ச் போட்டுக் கொடுத்தார். அப்பா சொன்னதால் மத்த அறைகளையும் பார்த்தார். ஹாலில் இன்னொண்ணு அதே மாதிரி இருந்தது, அதையும் சரி பண்ணினார். நான் ஆன்லைனில் ட்ரெய்லிங் எட்ஜ் டிம்மர், டிம்மபிள் பல்பு எல்லாம் கார்ட்டில் போட்டு, கணக்குப் பார்த்துக்கிட்டு இருந்தேன். ரெண்டாயிரம் ரூபாய் கிட்ட வந்தது.

அப்பா மந்தாரக்குப்பம் போய்ட்டு ஒரு குட்டி நைட் லேம்ப் வாங்கிட்டு வந்தார். அரை வாட். பிளக்கில் நேரே சொருகுறது. கட்டிலுக்குப் பக்கத்தில், தரையில் இருந்து ஒரு அடி உயரத்தில் இருக்கும் பாயின்ட்டில் சொருகினார். வெளிச்சம் தரையில் மட்டும் விழுது, கண்ணில் படவே இல்ல. பாத்ரூம் கதவு வரைக்கும் வழி தெரியுது. அந்தக் காலத்தில் ஜீரோ வாட் பல்புன்னு ஒண்ணு எரியுமே, பேர்தான் ஜீரோ, உண்மையில் 15 வாட் வரை இழுக்கும். அதோட பேரனுக்குப் பேரன் இது.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பார்த்தாங்க. "இது எவ்வளவு?"

"நாப்பது ரூபா"ன்னார் அப்பா.

அம்மா என்னைப் பார்த்தாங்க. "இதுக்காடா மூணு நாள் அந்தத் திருகியைத் திருகிக்கிட்டு இருந்த?"

அடுத்த எபிசோடில் யு.பி.எஸ் பேட்டரியைப் பத்திப் பேசலாம்னு இருக்கேன். அதுவரைக்கும், உங்க வீட்டில் அணைச்ச பிறகும் மினுங்கும் பல்பு இருந்தால் இன்னைக்கு ராத்திரி லைட்டெல்லாம் அணைச்சுட்டு ஒரு தடவை அண்ணாந்து பாருங்க. பார்த்தால் போதும், தொடாதீங்க.